கட்டிப்போடும் முன் கயிற்றுக்கு இணங்கப் பழக்குங்கள்

கேள்வி: என் ஆண் குதிரைக்குட்டிக்கு ஒன்றரை வயது. தலைக்கயிறு போட்டு நடத்தினால் முரண்டு பிடிக்கிறது. கம்பத்தில் கட்டினால் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் இழுக்கிறது. களைத்து அடங்கும்வரை கட்டியே விடச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஆபத்தென்றால் ஓடித் தப்பும் விலங்கு குதிரை. தலை அசைய முடியாமல் சிக்கினால் பதறிப் பின்னால் பாயத்தான் செய்யும். அந்த இழுப்பில் கழுத்து காயப்படலாம். கயிறு அறுந்தால் மல்லாந்து விழுந்து மண்டையில் அடிபடலாம். ஒருமுறை அறுத்துக்கொண்டு தப்பிய குட்டி மறுநாளும் அதையே செய்து பார்க்கும்.

முதலில், இழுப்புக்கு இணங்கக் கற்றுக்கொடுங்கள். மூன்றரை மீட்டர் பருத்திக் கயிறு போதும். குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் பார்வை எட்டாது. எனவே தோள்பட்டையருகே நில்லுங்கள். கயிற்றை உங்கள் பக்கம் இலேசாக இழுத்து அப்படியே வைத்திருங்கள், வெடுக்கென்று இழுக்காதீர்கள். தலையைச் சற்றுத் திருப்பினாலும், ஒரு குளம்பை மட்டும் நகர்த்தினாலும், அந்த நொடியே தளர்த்திவிடுங்கள். குட்டி கற்பது இழுக்கும்போது அல்ல, கயிறு தளரும்போது. தாமதித்தால் எதற்காகத் தளர்த்தினீர்கள் என்று அதற்குப் புரியாது. இறுக்கம் குறையும்போது பல குட்டிகள் தலையைத் தாழ்த்தும், உதட்டை நக்கும், நீளமாக மூச்சு விடும். அப்போது சற்று நேரம் சும்மா விடுங்கள்.

இடப்பக்கம் கற்றதை வலப்பக்கமும் புதிதாகச் சொல்லித்தர வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் வேண்டாம். கயிற்றைக் கையில் ஒருபோதும் சுற்றிக்கொள்ளாதீர்கள். குட்டி பாய்ந்தால் விரல் போய்விடும், மடித்துப் பிடியுங்கள்.

எல்லாத் திசையிலும் இணங்கிய பிறகு, கயிற்றைக் கம்பத்தில் முடிச்சுப் போடாமல் ஒரு சுற்று மட்டும் சுற்றி, நுனியை நீங்களே பிடித்திருங்கள். இழுத்தால் வழுக்கிக் கொடுக்கட்டும். அதிலும் அமைதியாக நின்றால்தான் கட்டலாம்: முதுகின் உயரத்தில், சுண்டினால் அவிழும் உருவு முடிச்சாக.

சின்ன வட்டத்தில் ஓடவிட்டுக் களைக்கச் செய்வதும் கூடாது. முன்னங்கால் முட்டியின் எலும்பு வளர்ச்சி முடியவே ஏறக்குறைய இரண்டரை வயதாகும். முதுகெலும்பு முதிர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். சவாரியை இப்போது நினைக்கவே வேண்டாம்.

இன்னொன்று. ஏற்கெனவே பலமாக இழுத்திருக்கிறது என்கிறீர்கள். காதுக்குப் பின்னால் தொட்டால் தலையை உதறுகிறதா, தரையில் உள்ள தீனிக்குக் குனியத் தயங்குகிறதா என்று இன்றே பாருங்கள். அப்படி இருந்தால் பயிற்சியை நிறுத்தி, கால்நடை மருத்துவரிடம் கழுத்தைக் காட்டுங்கள்.