டேம் இம்பாலா என்பது இசைக்குழுவா, ஒரே ஆளா?
மேடையில் ஒரு கூட்டமே நின்று வாசிப்பதைப் பார்த்தால் குழு என்றுதான் தோன்றும். ஆனால் தலைகளை எண்ணிப் பயனில்லை. அந்தப் பெயரில் பாட்டை உருவாக்குவது யார் என்று பாருங்கள்.

அவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்காரர் கெவின் பார்க்கர். டேம் இம்பாலா பெயரில் 2015இல் வந்த 'கரண்ட்ஸ்' ஆல்பத்தில் பாட்டெழுதி, பாடி, டிரம்ஸ், பேஸ், கிட்டார் வாசித்து, ஒலிப்பதிவு செய்து, மிக்ஸிங் (பதிவான ஒலிகளைச் சேர்த்துச் சீராக்குவது) வரை முடித்தது அவர் ஒருவரே. மற்றவர்கள் கச்சேரியில் வாசிப்பவர்கள். ஆகவே இது தனிக் கலைஞரின் மேடைப்பெயர் என்றே நான் சொல்வேன்.

சரி, ஆள் பெயர் போல இருந்தால் தனி ஆள்தானா? அதுவும் இல்லை. ஆலிஸ் கூப்பர் முதலில் ஐந்து பேர் கொண்ட அமெரிக்க ராக் குழுவின் பெயர். பாடகர் வின்சென்ட் ஃபர்னியர் பிற்பாடு அதையே தன் சட்டப்பூர்வப் பெயராக்கிக்கொண்டு, 1975 முதல் தனியாக ஆல்பம் போட்டார். 2011இல் ராக் இசைக் கலைஞர்களைப் பெருமைப்படுத்தும் அமெரிக்க அமைப்பான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவித்தது அந்தப் பழைய குழுவைத்தான். எனக்கு அதில் மனநிறைவு. அந்தப் பாட்டுகளில் மற்ற நால்வரின் உழைப்பும் இருக்கிறதே.

ஃபூ ஃபைட்டர்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் கதை தலைகீழ். 1995இல் வந்த முதல் ஆல்பத்தில் ஏறக்குறைய எல்லாமே டேவ் குரோல் என்ற ஒருவரே வாசித்தது. அப்புறம்தான் குழு சேர்ந்தது.