ஒரே ஐபி, இரண்டு டொமைன்: இரண்டிலும் ஒரே தளம் திறப்பது ஏன்?

உங்கள் சர்வரில் இரண்டு டொமைன்: ஒன்று சாதாரண எச்டிஎம்எல் தளம், மற்றொன்று 3000 போர்ட்டில் ஓடும் நோட்.ஜேஎஸ் ஆப். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரில் இரண்டுக்கும் தனித்தனி சர்வர் பிளாக் (ஒரு தளத்துக்கான கான்ஃபிக் பகுதி) எழுதியும் இரண்டிலும் முதல் தளமே வருகிறது என்கிறீர்கள்.

பிரவுசர் அனுப்பும் ஹோஸ்ட் ஹெடரில் (எந்த டொமைன் வேண்டும் என்று சொல்லும் வரி) இருக்கும் பெயரை வைத்துத்தான் என்ஜின்எக்ஸ் பிளாக்கைத் தேர்ந்தெடுக்கிறது. எதுவும் பொருந்தாவிட்டால் எரர் காட்டாது; டீஃபால்ட் என்று எதையும் குறிப்பிடாதவரை, அந்த போர்ட்டில் முதலில் இருக்கும் பிளாக்குக்குச் சத்தமில்லாமல் தள்ளிவிடும். ஆகவே சர்வர் நேம் வரியில் எழுத்துப் பிழையோ, டபிள்யூடபிள்யூடபிள்யூ சேர்த்த பெயர் விடுபட்டிருக்கிறதோ பாருங்கள். என் சந்தேகம் வேறு: இரண்டாவது டொமைனுக்கு 80 போர்ட் (எச்டிடிபி) மட்டும் எழுதி, 443 (எச்டிடிபிஎஸ்) எழுத மறந்திருப்பீர்கள். கான்ஃபிக்கைத் திருத்தினால் ரீலோட் செய்யவும் வேண்டும் (இதை மறந்து நான் ஒரு மாலையையே தொலைத்திருக்கிறேன்).

அடுத்து ப்ராக்ஸி, அதாவது என்ஜின்எக்ஸ் கோரிக்கையை வாங்கி நோட் ஆப்புக்குக் கடத்துவது. எங்கே கடத்துவது என்று சொல்லும் ப்ராக்ஸி பாஸ் வரியில் 127.0.0.1:3000 (அதே சர்வரின் 3000 போர்ட்) என்று கொடுத்தால் ஆப்புக்குப் போகும் ஹோஸ்ட் ஹெடரும் அதுவாகவே மாறிவிடும். ரீடைரக்ட்டுகள் கோணலாவது இதனால்தான். ப்ராக்ஸி செட் ஹெடர் என்ற வரி வழியாக அசல் ஹோஸ்டை அனுப்புங்கள்.

கடைசி சாய்கோடு பொல்லாதது. லொகேஷனை (எந்தப் பாதைக்கு இந்த விதி என்பதை) /ஏபிஐ/ என்று வைத்து, ப்ராக்ஸி பாஸை 3000/ என்று முடித்தால், /ஏபிஐ/யூசர்ஸ் என்ற கோரிக்கை ஆப்பிடம் வெறும் /யூசர்ஸ் ஆகப் போய்ச் சேரும். 3000 என்றே முடித்தால் முழுப் பாதையும் அப்படியே போகும்.

502 எரர் (ஆப்பிடமிருந்து என்ஜின்எக்ஸுக்குச் சரியான பதில் வரவில்லை என்று பொருள்) வந்தால் முதலில் ஆப் ஓடுகிறதா என்று பாருங்கள்.