சுரங்கத்தில் ஊதிய பாக்

கேள்வி: கேமராவையும் காரையும் போலவே சாக்ஸபோனையும் ஜப்பானியர்கள் வெள்ளைக்காரனைப் பார்த்துத்தானே கற்றுக்கொண்டார்கள்? அதில் அவர்களுடைய சொந்தச் சரக்கு ஏதாவது உண்டா? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள், பார்ப்போம்.
— வாசகர் ஒருவர், கோவில்பட்டி

பதில்: முதலில் ஒரு திருத்தம். அவர்கள் பார்த்துக் கற்றது பெரும்பாலும் கறுப்பின அமெரிக்கர்களை. மற்றபடி உங்கள் குற்றச்சாட்டில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். போர்க்காலத்தில் ஜாஸை எதிரி நாட்டு இசை என்று ஜப்பான் தடைசெய்திருந்தது. 1945-க்குப் பிறகு அமெரிக்கப் படைமுகாம்களின் கேளிக்கை மன்றங்களில் வாசித்துத்தான் ஒரு தலைமுறையே தொழில் பழகியது. இசைத்தட்டைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு அமெரிக்க சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரைப் பிடித்தார்கள். நகல்தான். குரு பாடியதைச் சீடன் அப்படியே பாடினால் மட்டும் அதற்குச் சாதகம் என்று பெயர் வைக்கிறோம்.

அப்படித் தொடங்கியவர்தான் சதாவோ வதனபே. 1933-இல் உட்சுனோமியாவில் பிறந்தார். தந்தை பீவா என்ற ஜப்பானியத் தந்தி வாத்தியம் வாசித்தவர். 1953-இல் பியானோ கலைஞர் தொஷிகோ அகியோஷியின் குழுவில் ஆல்டோ (சற்றே உயர்ந்த குரலுள்ள சாக்ஸபோன்) வாசிக்கச் சேர்ந்தார். 1962-இல் பாஸ்டனின் பெர்க்லி இசைப்பள்ளிக்குப் போனவர் 1965-இல் ஊர் திரும்பி, கற்றதை மூட்டை கட்டி வைக்காமல் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு பிரேசில், ஆப்பிரிக்கா என்று காது போன பக்கமெல்லாம் போனார். 1978-இல் வெளிவந்த 'கலிஃபோர்னியா ஷவர்' ஜப்பானில் சக்கைப்போடு போட்டது. எனக்கு அது கொஞ்சம் தித்திப்பு அதிகம். ஆனால் அந்த ஆல்டோவின் வெளிச்சமான தொனியை இரண்டு வினாடி கேட்டாலே ஆளைச் சொல்லிவிடலாம். தொண்ணூறைத் தாண்டியும் மேடையேறியவர்.

நேர் எதிர்த் துருவம் கவோரு அபே. மெட்டு, தாளம், உடன் வாசிப்பவர் எதுவும் வேண்டாமென்று பெரும்பாலும் தனியாகவே ஆல்டோவை அலறவிட்டவர். 1978-இல் 29 வயதில் மாத்திரைகள் அளவு மீறி இறந்தார். இளவயது மரணம் அவரைத் தெய்வமாக்கிவிட்டது. அந்தப் பக்தி எனக்கில்லை. சில பதிவுகள் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. ஆனால், 'நகல்' என்று அவரைச் சொல்ல முடியாது. அப்படி ஊத அசல் ஒன்று எங்கே இருந்தது?

ஒரே பெயர் என்றீர்களே, அந்த இடத்துக்கு அகிரா சகாதாவைத்தான் வைப்பேன். கூரே துறைமுக ஊர்க்காரர். ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் கடல் உயிரியல் படித்தவர். 1972 முதல் 1979 வரை பியானோ கலைஞர் யோசுகே யாமஷிதாவின் மூவர் குழுவில் ஆல்டோவைக் கொண்டு பியானோவோடும் டிரம்ஸோடும் மல்லுக்கட்டினார். அந்தக் குழுவில் அடிநாதம் தரும் பாஸ் வாத்தியமே கிடையாது. காலூன்ற இடமில்லாமல் மூவரும் ஒருவரையொருவர் துரத்துவார்கள். மறுபக்கம் இந்த மனிதர் தண்ணீர்த் தெள்ளுப்பூச்சியை நுண்ணோக்கியில் ஆராய்ந்து அதைப் பற்றிப் புத்தகமும் எழுதியிருக்கிறார். இதை எந்த அமெரிக்கரைப் பார்த்துச் செய்தார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஜாஸைத் தாண்டி வாருங்கள். யசுவாகி சிமிசு, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தனி செல்லோவுக்கு (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) எழுதிய ஆறு தொகுப்புகளையும் 1990-களில், ஆல்டோவைவிடத் தாழ்ந்த குரலுள்ள டெனர் சாக்ஸபோனில் வாசித்துப் பதிவுசெய்தார். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. செல்லோவில் வில்லை இழுத்து இரண்டு தந்திகளைச் சேர்த்தும் ஒலிக்க வைக்கலாம்; சாக்ஸபோனிலோ ஒரு மூச்சுக்கு ஒரு சுரம்தான். சிமிசு ஸ்டூடியோவை விட்டுவிட்டு வேறு இடம் தேடினார். அப்படிப் போன இடங்களில் ஒன்று உட்சுனோமியாவின் ஓயா கற்சுரங்கம். பூமிக்கடியில் பாறையை அறுத்தெடுத்த பெரிய கூடம் அது. ஊதிய சுரம் சுவரில் மோதித் திரும்பி வருவதற்குள் அடுத்த சுரம் கிளம்பிவிடும். இரண்டும் காற்றில் ஒன்றன்மேல் ஒன்று படியும். இல்லாத இரண்டாம் தந்தியைச் சுரங்கம் மீட்டியது. கேட்கும்போது இடையிடையே அவர் மூச்சிழுப்பதும் கருவியின் விரல்சாவிகள் தட்டுப்படுவதும் காதில் விழும். அதைத் துடைத்தெடுக்காமல் விட்டார்களே, அதற்கே ஒரு கும்பிடு.

மேற்கத்திய செவ்விசை மேடையில் சாக்ஸபோன் கலைஞர் நொபுயா சுகாவா இருக்கிறார். இவருக்காகவே இசையமைப்பாளர் தகாஷி யோஷிமட்சு 1990-களில் 'சைபர்பேர்ட்' கான்செர்ட்டோவை (தனி வாத்தியம் இசைக்குழுவோடு வாசிக்கும் படைப்பு) எழுதினார். நடுப்பகுதியின் பெயர் 'துயரத்தில் ஒரு பறவை'. அதை எழுதிய நாட்களில் யோஷிமட்சுவின் தங்கை புற்றுநோயில் இறந்துகொண்டிருந்தார். தனியாக இருக்கும்போது கேளுங்கள். ஜமைக்காவில் பிறந்த ஸ்கா இசைக்கு டோக்கியோ ஸ்கா பாரடைஸ் ஆர்கெஸ்ட்ராவின் பாரிடோன் (கனத்த குரல் சாக்ஸபோன்) வாசிப்பவர் அத்சுஷி யனாகா. ஜாஸும் ராக்கும் கலந்த ஃபியூஷனுக்கு டி-ஸ்கொயர் குழுவின் தகேஷி இதோ. ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஃபார்முலா ஒன் பந்தயம் பார்த்தவர்களுக்கு அதன் முகப்பிசையில் அவர் வாசிப்பு மனப்பாடம். அதை அவர் ஊதியது மின்னணுக் காற்றுக் கருவியில், சாக்ஸபோனில் அல்ல என்று நீங்கள் சண்டைக்கு வரலாம். வாருங்கள்.

கருவியையும் விடுவானேன்? யனகிசாவா நிறுவனம் 1951-இலேயே டெனர் செய்து பார்த்துவிட்டது. 1966 ஜூலையில் அமெரிக்க ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேன் ஜப்பானுக்கு வந்தார். டெனருக்கும் சோப்ரானோவுக்கும் (ஆல்டோவைவிட உயர்ந்த குரலுள்ள சாக்ஸபோன்) பேர்போன மனிதர் டோக்கியோ மேடையில் ஆல்டோவையும் எடுத்து ஊதினார். பதிவு இருக்கிறது, கேட்கலாம். அந்த ஆல்டோவைக் கொடுத்தது யமஹா.