22க்குப் பின்னால் எந்த இரண்டு எழுத்து?

தம்பி, கனடா வந்து மூன்று மாதம், வேலையிடத்துப் பதிவேட்டில் ஆங்கிலத்தில் 22 என்ற திகதிக்குப் பின்னால் ரி.எச். (th) போட்டதை மேற்பார்வையாளர் எல்லோருக்கும் முன்னால் திருத்தினார் என்று எழுதியிருந்தீர்கள். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று எப்படிப் பாடமாக்குவது எனக் கேட்டீர்கள்.

பாடமாக்க வேண்டாம், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அந்த இரண்டு எழுத்தும் வெளியில் இருந்து வந்து ஒட்டுபவை அல்ல. நாங்கள் சொல்லும் சொல்லின் கடைசி இரண்டு எழுத்துகள்தான் அவை. 'பேர்ஸ்ட்' (first) என்பதை முழுதாக எழுதினால் முடிவில் எஸ்.ரி. (st) நிற்கும். 'செக்கண்ட்' (second) என்.டி.யில் (nd) முடியும், 'தேர்ட்' (third) ஆர்.டி.யில் (rd) முடியும். 'போர்த்' தொடங்கி இருபது வரை எல்லாம் ரி.எச். நீங்கள் எழுதிய 22ஐச் சொல்லிப் பாருங்கள்: 'ருவென்ரி செக்கண்ட்'. அப்போ என்.டி. தானே? ஒரு மாதத்தின் 31 நாளில் ரி.எச். வராதவை ஏழே ஏழு: 1, 2, 3, 21, 22, 23, 31.

யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிற எங்களுக்கு இது ஏன் தடக்குகிறது என்றும் சொல்கிறேன். தமிழில் எந்த எண்ணுக்கும் ஒரே 'ஆம்' போதும். 1ஆம் குறுக்குத் தெரு, 2ஆம் குறுக்குத் தெரு. நல்லூரில் 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம். கை அப்படியே பழகிவிட்டது. அதனால் ரி.எச். என்பதை ஆங்கிலத்தின் 'ஆம்' என்று நினைத்து எல்லாவற்றுக்கும் போடுகிறோம். நானும் வந்த புதிதில் அப்படித்தான் எழுதினேன்.

இது பிடிபட்ட பிறகு இன்னொரு பிழை வரும். 1க்கு எஸ்.ரி. என்றால் 11க்கும் அதுதானே என்று தோன்றும். இல்லை. தமிழில் 1ஐ 'முதலாம்' என்கிறோம், 11ஐ 'பதினோராம்' என்கிறோம். அங்கே 'முதலாம்' வருவதில்லை அல்லவா? ஆங்கிலத்திலும் 11, 12, 13 மூன்றுக்கும் தனிப் பெயர்கள் உண்டு. 'இலெவன்த்', 'ருவெல்ஃப்த்', 'தேர்ட்டீன்த்', மூன்றும் ரி.எச். 111, 212, 313 என்று போனாலும் கடைசி இரண்டு இலக்கம் 11, 12, 13 ஆக இருந்தால் ரி.எச். தான். 101க்கு எஸ்.ரி., ஏனென்றால் அது 'பேர்ஸ்ட்' என்று முடிகிறது.

படிவங்களில் இந்தக் கவலையே இல்லை. பெட்டிக்குள் இலக்கம் மட்டும் எழுதினால் சரி. ஆனால் வருடம், மாதம், நாள் எந்த ஒழுங்கில் கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஊரில் போல நாளை முதலில் எழுதிவிடாதீர்கள். 'ஜூலை 1, 2025' என்று மாதத்தை முன்னுக்குப் போட்டு எழுதும்போதும் பின்னொட்டு வேண்டாம். வாசிக்கும்போது மட்டும் 'ஜூலை பேர்ஸ்ட்' என்று வாசிப்பார்கள்.

எழுத்துப் பிழையைவிட எனக்குப் பெரிய சேதம் வந்தது காதால். முதல் குளிர்காலத்தில் ஒரு பல் வைத்தியரிடம் ரெலிபோனில் நேரம் கேட்டேன். அவர்கள் சொன்ன திகதி 13, நான் விளங்கிக்கொண்டது 30. போய் நின்றபோது என் நேரம் எப்போதோ முடிந்திருந்தது. பல்வலியோடு இன்னும் ஒரு மாதம் காத்திருந்தேன். 'தேர்ட்டீன்த்', 'தேர்ட்டியத்' இரண்டும் ரி.எச்.சில்தான் முடிகின்றன, ஆகவே முடிவைக் கேட்டுப் பிரிக்க முடியாது. நடுவைக் கேட்க வேண்டும்: 13இல் 'டீ' நீண்டு அழுத்தமாக வரும், 30இல் அழுத்தம் முதலிலேயே விழுந்து, 'டியத்' சுருக்கமாக ஓடிவிடும். 14-40, 15-50 எல்லாம் இப்படித்தான். அன்றிலிருந்து நான் கூச்சப்படாமல் "ஒன்று மூன்றா, மூன்று பூச்சியமா?" என்று ஆங்கிலத்தில் இலக்கம் இலக்கமாகத் திருப்பிக் கேட்கிறேன். இதற்காக இதுவரை யாரும் என்னைக் கோபித்தது கிடையாது.

அப்புறம் இன்னொன்று, பொருட்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கு மாறினால் உதவும். ஊரில் 1ஆம் மாடி என்றால் ஒரு படிக்கட்டு ஏற வேண்டும். லண்டனிலும் அப்படித்தான். இங்கே பெரும்பாலான கட்டடங்களில் வாசலால் நுழைந்ததுமே 'பேர்ஸ்ட் ஃப்ளோர்', ஒரு படிக்கட்டு ஏறினால் 'செக்கண்ட்'. பெட்டியைத் தூக்க முதல் லிப்டில் உள்ள எண்களை ஒருதரம் பாருங்கள்.