ஃபேனில் மோதாத வௌவால்

கேள்வி: பின்னேரம் யன்னலால் சின்ன வௌவால் ஒன்று வந்து, ஓடிக்கொண்டிருந்த ஃபேனில் படாமல் அறையைச் சுற்றிவிட்டுப் போனது. அதற்குக் கண் தெரியாது, கத்திக் கத்தித்தான் வழி பார்க்கிறது என்கிறான் மகன். கத்தினால் எங்களுக்கு ஏன் கேட்கவில்லை? விகாரமகாதேவி பூங்காவில் தொங்குகிறவையும் இப்படித்தானா?
— வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: மகன் சொன்னதில் பாதி சரி. வௌவாலுக்குக் கண் நன்றாகவே தெரியும். கத்துவதும் உண்மைதான். உங்கள் அறைக்குள் வந்தது பூச்சி பிடிக்கிற வகையாக இருக்கும். அவை எழுப்பும் ஒலி பெரும்பாலும் 20 கிலோஹேர்ட்சுக்கு மேலே; மனிதக் காது அந்த எல்லையோடு சரி. (என் வயதுக்காரருக்கு அதுவரைகூட இல்லை.) ஒரு மீற்றர் தள்ளியிருக்கும் ஃபேன் தகட்டில் பட்ட ஒலி திரும்பிவர ஏறக்குறைய 6 மில்லிசெக்கன். அந்த இடைவெளியை வைத்தே தூரத்தைப் பிடித்துவிடும். சும்மா பறக்கும்போது செக்கனுக்குப் பத்துத் தடவையளவில் கத்துவது, பூச்சியை நெருங்கியதும் 150, 200 என்று ஏறும். எனக்கு இதைவிட அதிசயம் வேறொன்று: தன் சத்தம் தன் காதையே அடைக்காதபடி, கத்தும் கணத்தில் நடுக்காதுத் தசை இறுகி, எதிரொலி வருமுன் தளர்ந்துவிடுகிறது.

இத்தாலியப் பாதிரியார் ஸ்பல்லன்சானி 1790களில் வௌவாலின் கண்ணைக் குருடாக்கிப் பார்த்தார், அது பறந்தது. ஜெனீவாவில் ஜூரின் என்ற அறுவை மருத்துவர் அதன் காதை அடைத்தார்; முட்டி மோதியது. கேட்காத ஒலியை யார் நம்புவார்? 1938இல் ஹார்வர்ட் மாணவர் டொனால்ட் கிரிஃபின் கருவி வைத்துப் பிடிக்கும்வரை கதை அப்படியே கிடந்தது.

பூங்காவில் தொங்கும் பெரிய பழந்தின்னிகளுக்கு இந்த வித்தை கிடையாது. பெரிய கண்ணும் கூரிய மூக்குமே துணை. பகலில் அங்கே கேட்கிற கீச்சுச் சத்தம் வழி தேட அல்ல, ஒன்றோடொன்று கதைக்கவும் சண்டை பிடிக்கவும்தான். ஆனால் எகிப்தியப் பழந்தின்னி வேறு மாதிரி; அது நாக்கைச் சொடுக்கி எதிரொலி கேட்கும் குகைவாசி. அதன் சண்டைச் சத்தங்களை இஸ்ரேலிய ஆய்வாளர்கள் பதிவுசெய்து 2016இல் வெளியிட்டார்கள். கத்துவது யார், சண்டை சாப்பாட்டுக்கா, படுக்கிற இடத்துக்கா என்று கணினி பெரும்பாலும் சரியாகவே பிரித்துச் சொன்னது.

இனி வந்தால் ஃபேனை நிற்பாட்டுங்கள். சுழலும் தகட்டில் எப்போதும் தப்பும் என்றில்லை. லைட்டை அணைத்து யன்னலை விரியத் திறந்துவிட்டால் தானே போய்விடும். வெறுங்கையால் பிடிக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். கடித்தால் காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் விசர்நோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.