பந்து கிடைக்கிற மைதானமா என்று பாருங்கள், அண்ணே

கேள்வி: வங்கி வேலையாகக் கோவையில் இருந்தபோது ஐம்பது வயதுக்கு மேல் கோல்ஃப் பழகினேன். ஓய்வு பெற்றுக் கோட்டையூர் வந்த பிறகு இரண்டாங்கட்டில் வலை கட்டி அடிப்பதோடு சரி. ஹேண்டிகேப், அதாவது ஆட்டத்தில் கிடைக்கும் சலுகை அடி, 28. டிரைவர் மட்டையில் நன்றாகப் பட்டால் 180 கஜம் போகும். ஜூனில் பத்து நாள் கோலாலம்பூரில் இருக்கும் மகனிடம் போகிறோம். "அப்பச்சி, பெரிய டோர்னமெண்ட் நடந்த கோர்ஸாப் பார்த்து புக் பண்றேன்" என்கிறான். என்னைப் போல ஆடுகிறவன் எதைப் பார்த்து மைதானம் எடுக்க வேண்டும்? திரும்பும்போது இலங்கையிலோ, ஊர் வந்த பிறகு கோடைக்கானலிலோ ஒரு ஆட்டம் போடலாமா?
- கோட்டையூர் வாசகர்

பதில்: மகன் ஆசையில் தப்பில்லை, அண்ணே. ஆனால் பெரிய போட்டி நடந்த மைதானம் என்றால், ஆட்டமே தொழிலாக வைத்திருப்பவர்களைத் திணறடித்த இடம் என்று அர்த்தம். அங்கே நீங்களும் நானும் போனால் ஆடுவது குறைவு, பந்து தேடுவதுதான் அதிகம்.

நான் தேடியிருக்கிறேன். சில வருஷம் முன்பு ஒரு வெளிநாட்டில், ஓட்டல்காரர் "எங்க ஊர்லயே இதுதான் நம்பர் ஒன்" என்று சொன்ன மைதானத்துக்குப் பணம் கட்டினேன். மூன்றாவது குழியில் டீக்கும் (முதல் அடி அடிக்கும் இடம்) ஃபேர்வேக்கும் (பந்து விழ வேண்டிய வெட்டிய புல்வெளி) நடுவே குளம். முதல் பந்து குளத்தில். இரண்டாவதும் அங்கேதான். மூன்றாவதை வைக்கக் குனிந்தபோது, மட்டைப் பை தூக்கி வந்த கேடி ஒன்றும் சொல்லாமல் என் பையைத் திறந்து, இன்னும் இரண்டு பந்தை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பதினெட்டு குழி முடிவதற்குள் பதினோரு பந்து போயிற்று. கடைசி நாலும் பாதி வழியில் தேநீர் குடித்த இடத்தில் வாங்கியவை. என்ன விலை என்று கேட்காதீர்கள்.

அதனால் பணம் கட்டும் முன் அந்த மைதானத்தின் ஸ்கோர்கார்டை இணையத்தில் எடுத்துப் பாருங்கள். அதில் ஒவ்வொரு டீக்கும் நேரே கோர்ஸ் ரேட்டிங், ஸ்லோப் என்று இரண்டு எண் இருக்கும். கோர்ஸ் ரேட்டிங் கெட்டிக்காரன் கணக்கு. ஸ்லோப்தான் நம் கணக்கு. கெட்டிக்காரனைவிட நம்மை அந்த இடம் எவ்வளவு கூடுதலாகப் படுத்தும் என்பதைச் சொல்வது அது. 55-இல் தொடங்கி 155 வரை போகும். 113-ஐப் பொது அளவாக வைத்திருக்கிறார்கள்.

உங்கள் 28-ஐ ஸ்லோப்பால் பெருக்கி 113-ஆல் வகுத்துப் பாருங்கள். ஸ்லோப் 138 என்றால் உங்கள் சலுகை 34 அடி வரும். 110 என்றால் 27. (கோர்ஸ் ரேட்டிங்குக்கும், இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்று வைத்த 'பார்' கணக்குக்கும் உள்ள வித்தியாசத்தையும் சேர்ப்பார்கள். அது பெரும்பாலும் சின்னத் தொகை, இப்போதைக்கு விடுங்கள்.) முதல் மைதானத்தில் ஏழு அடி கூடுதலாகத் தருகிறார்களே, லாபம்தானே என்று வங்கிக்காரருக்குத் தோன்றலாம். அது வரவு இல்லை, கடன். ஏழு அடி கொடுக்கிறார்கள் என்றால் குறைந்தது ஏழு அடியை உங்களிடம் பிடுங்கப் போகிறார்கள். விடுமுறைக்கு ஆடுகிறவருக்கு 125-க்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி. 115 பக்கம் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

அடுத்தது நீளம். ஸ்லோப் போடுகிறவர்கள் மனதில் வைத்திருக்கும் 'போகி' ஆட்டக்காரர், அதாவது நடுத்தர ஆட்டக்காரர், ஆண் என்றால், டிரைவரில் 200 கஜம் அடித்து, 370 கஜக் குழியை இரண்டு அடியில் எட்டுகிறவர். நீங்கள் அவருக்கும் இருபது கஜம் குறைவு. 2011-இல் அமெரிக்கக் கோல்ஃப் சங்கங்கள் 'முன்னால் போய் ஆடுங்கள்' என்று ஒரு இயக்கம் நடத்தின. டிரைவரில் 200 கஜம் அடிப்பவருக்கு மொத்த நீளம் 5,200 முதல் 5,400 கஜம், 175 அடிப்பவருக்கு 4,400 முதல் 4,600 கஜம் போதும் என்பது அவர்கள் போட்ட பட்டியல். நீங்கள் இரண்டாவது வரிசைக்கு ஒட்டி வருகிறீர்கள். பல மைதானங்களில் அது சிவப்பு டீயாகத்தான் இருக்கும். "அது பொம்பளைங்க டீ" என்று கூட ஆடுகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். அந்த டீக்கு ஆண்களுக்கான ரேட்டிங் உண்டா என்று மட்டும் கிளப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு பொடி உண்டு. சில கார்டுகளில் நீளம் மீட்டரில் இருக்கும். 5,800 என்று பார்த்துவிட்டு 'பரவாயில்லை, அளவாகத்தான் இருக்கிறது' என்று பணம் கட்டினால், அது 6,340 கஜத்துக்கு மேல். நம் செட்டிநாட்டு வீடு போலத்தான். முகப்பைப் பார்த்து அளவு சொல்ல முடியாது, உள்ளே போகப் போக அடுத்த தெரு வரை கட்டு கட்டாக நீளும்.

எண் சொல்லாத சங்கதியைப் படம் சொல்லும். மகனைக் கூகுள் மேப்ஸில் சாட்டிலைட் படத்தைத் திறக்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் என்றால் டீ மேல் ரைட் கிளிக் செய்தால் தூரம் அளக்கும் வசதி வரும். நீங்கள் ஆடப்போகும் டீயிலிருந்து தண்ணீரைத் தாண்டிப் புல் தொடங்கும் இடம் வரை அளந்து பாருங்கள். 180 என்பது உங்களுக்கு நன்றாகப் பட்ட அடி. பத்தில் எத்தனை முறை படும் என்பது இரண்டாங்கட்டு வலைக்குத் தெரியும். அதனால் தாண்ட வேண்டிய தூரம் 120 கஜத்துக்கு மேல் உள்ள குழி பதினெட்டில் இரண்டு இருந்தால் சரி. நாலைந்து இருந்தால் வேறு இடம் பாருங்கள். தண்ணீர் பக்கவாட்டில் இருப்பது பற்றிக் கவலை வேண்டாம், இந்தப் பக்கமாக அடித்துப் போய்விடலாம். கிரீனுக்கு (குழி இருக்கும் மழித்த புல்தரை) முன்னால் பங்கர் (மணல் பள்ளம்) மறித்து நிற்கிறதா, உருட்டிவிட வழி இருக்கிறதா என்பதையும் படத்திலேயே பார்த்துவிடலாம். நம் ஆட்டம் பாதி உருட்டல்தானே.

இனி ஊர் ஊராக. கோலாலம்பூர் பக்கம் சௌஜானாவில் மலேசிய ஓப்பன் நடந்திருக்கிறது. மகன் சொல்வது அதுவாகவும் இருக்கலாம். அங்கே உள்ள இரண்டு கோர்ஸுக்கும் ஆட்டக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் நாகம், முதலை. பெயரே சொல்லிவிடுகிறது. பெரிய இடம் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் அங்கே ஒரு நாள், அதுவும் கடைசி நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு ஆட்டத்தைச் சாதாரண மைதானத்தில் ஆடிக் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். முதல் நாளே முதலையிடம் போனால் மீதி நாளெல்லாம் டிரைவரை எடுக்கவே பயமாக இருக்கும். அங்கே மதியத்துக்கு மேல் இடி மழை சகஜம். சைரன் ஊதினால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். அதனால் காலை நேரமாகக் கேளுங்கள். மழையால் பாதியில் நின்றால் பணம் திரும்ப வருமா, இன்னொரு நாளைக்குச் சீட்டுத் தருவார்களா என்பதையும் முன்பே கேளுங்கள். கட்டணத்தில் பக்கி (மைதானத்துக்குள் ஓட்டும் சிறு வண்டி), கேடி, காப்பீடு எது சேர்த்தி, எது தனி என்பதை எழுத்தில் வாங்குங்கள். கார்டு மிஷின் 'ரூபாயிலா, ரிங்கிட்டிலா' என்று கேட்டால் ரிங்கிட் என்று அழுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் போடும் மாற்று விலையில் கை நட்டம் உங்களுக்கு.

கொழும்பு வழியாகத் திருச்சிக்கோ மதுரைக்கோ திரும்புவதாக இருந்தால் இலங்கை நல்ல யோசனைதான். ஆனால் ஜூன் அங்கே தென்மேற்குப் பருவமழைக் காலம். 1889-இல் தொடங்கிய நுவரெலியா மைதானம் பார் 70, நீளம் குறைவு, பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் இரு பக்கமும் மரம் நெருக்கும். நேராக அடிப்பவருக்கு அது சொர்க்கம், வலது பக்கம் வளைத்து அடிப்பவருக்கு விறகுக் கடை. 1879-இல் தொடங்கிய ராயல் கொழும்பு கிளப்பின் மைதானம் சமதளம், நடக்க எளிது. களனிவெளி ரயில் பாதை மைதானத்தின் ஊடே போகிறது. ரயில் போக நின்று, பிறகு அடிக்கும் அனுபவத்துக்காகவே ஒரு முறை போகலாம். உங்களுக்கு நான் சொல்வது கொழும்புதான். நுவரெலியாவை மழை இல்லாத மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கோடைக்கானல் கிளப் 1895-இல் தொடங்கியது. மதுரை வழியாக நமக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். 2024 மே முதல் வண்டிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும் என்றாகிவிட்டது, மறந்துவிடாதீர்கள். உயரத்தில் காற்று லேசு என்பதால் பந்து கொஞ்சம் கூடுதலாகப் போகும். அந்தச் சந்தோஷத்தை மேடு பள்ளம் எடுத்துக்கொள்ளும். பந்து ஒரு மட்டத்திலும் கால் இன்னொரு மட்டத்திலும் நிற்கும். காட்டுமாடு ஃபேர்வேயில் மேய்ந்துகொண்டிருந்தால் பந்து போனால் போகட்டும் என்று விட்டுவிடுங்கள். அது உறுப்பினர் கிளப் என்பதால் வெளியாளை எந்த நாளில் விடுவார்கள் என்று முன்கூட்டியே போனில் கேட்டுக்கொண்டு மலை ஏறுங்கள்.

அப்புறம் ஒன்று. மொத்த அடியை எண்ணாதீர்கள், ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் புள்ளி போடுங்கள். 27 அடி சலுகை என்றால் ஒன்பது குழியில் இரண்டு, மற்ற ஒன்பதில் ஒன்று கிடைக்கும். இரண்டு கிடைக்கிற பார் 4 குழியில் ஆறு அடித்தால் 2 புள்ளி, ஏழுக்கு 1, எட்டுக்கு ஒன்றுமில்லை. ஏழு அடித்தும் குழியில் விழவில்லையா, பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த டீக்கு நடங்கள். பின்னால் காத்திருப்பவர் வாழ்த்துவார். பந்து தேட இப்போது மூன்று நிமிஷம்தான் கணக்கு. ஐந்து நிமிஷம் என்பது 2019-க்கு முந்தைய விதி.

கேள்வி: கோல்ஃப் செட்டை விமானத்தில் கொண்டு போவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா?
- பள்ளத்தூர் வாசகர்

பதில்: மூன்று ஆட்டத்துக்குக் குறைவு என்றால் வாடகை. மட்டையைக் கேபினில் விடமாட்டார்கள், செக்-இன்னில்தான் போட வேண்டும். விளையாட்டுச் சாமான் என்று தனிக் கட்டணம் உண்டா, உங்கள் எடைக்குள் வருமா என்று டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். போகவரக் கட்டும் அந்தத் தொகையை வாடகையோடு ஒட்டிப் பார்த்தால் விடை வந்துவிடும். வாடகை செட் கேட்கும்போது 'ரெகுலர் ஷாஃப்ட்' (விறைப்பு அதிகமில்லாத தண்டு) வேண்டும் என்று சொல்லுங்கள். கேட்காவிட்டால் கையில் எது இருக்கிறதோ அதைத் தருவார்கள். இடது கைக்காரர் என்றால் இரண்டு முறை சொல்லுங்கள். பையைத் திறந்து எண்ணிப் பார்த்து, பிடியைத் தடவிப் பார்த்து வாங்குங்கள். வழவழவென்று தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். விதிப்படி 14 மட்டை வரை வைக்கலாம். நம் ஆட்டத்துக்கு எட்டு போதும்.

ஷூ, கையுறை, பந்து மூன்றும் சொந்தமாக இருக்கட்டும். புதுப் பந்து வேண்டாம். குளத்திலிருந்து எடுத்துக் கழுவித் தரம் பிரித்து விற்கும் 'லேக் பால்' போதும். எப்படியும் குளத்துக்குத்தானே திரும்பப் போகிறது. காலர் வைத்த டி-ஷர்ட் மறக்க வேண்டாம். வட்டக் கழுத்தோடு போனால் பல கிளப்புகளில் உள்ளே விடமாட்டார்கள்.

கேள்வி: ஒரு டிராவல்ஸில் மூன்று ஆட்டம் சேர்த்த கோல்ஃப் பேக்கேஜ் எடுத்தேன். அங்கே போனால் இரண்டுக்குத்தான் புக்கிங் இருந்தது. மூன்றாவதற்கு நானே கட்டினேன். கேட்டால் 'மைதானம் பராமரிப்புக்கு மூடியிருந்தது, எங்கள் பொறுப்பில்லை' என்கிறார்கள்.
- தேவகோட்டை வாசகர்

பதில்: மூடியிருந்தது உண்மையாகவே இருக்கட்டும், கிரீனைக் குத்திக் கிளறி மணல் போடுவது எல்லா மைதானத்திலும் நடப்பதுதான். ஆனால் காசு வாங்கிய சேவையைத் தரவில்லை என்பது அதனால் மாறாது. பேக்கேஜ் விவரம் வந்த வாட்ஸ்அப், ரசீது, நீங்கள் தனியாகக் கட்டிய பில் மூன்றையும் எடுத்து வையுங்கள். முதலில் பணத்தைத் திரும்பக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பி, பதினைந்து நாள் கெடு கொடுங்கள். போனில் பேசியது கணக்கில் வராது. பதில் இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. பேக்கேஜில் டி.சி.எஸ். (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடித்திருந்தால் வருமான வரிக் கணக்கில் காட்டி எடுத்துக்கொள்ளுங்கள், அதை இந்தச் சண்டையோடு சேர்க்க வேண்டாம்.

கேள்வி: எங்க வீட்டில் அவர்கள் ஆட, நான் அறையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டுமா?
- காரைக்குடி ஆச்சி ஒருவர்

பதில்: எதற்கு, ஆச்சி? பக்கியில் கூடவே போகலாம். ஆடாமல் உடன் வருபவருக்குச் சில கிளப்புகள் தனிக் கட்டணம் வாங்கும், புக் செய்யும்போதே உங்கள் பெயரையும் சொல்லச் சொல்லுங்கள். தட்டையான செருப்பு போடுங்கள், குடை எடுத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு குழி என்றால் நாலரை மணி நேரத்துக்குக் குறையாது, அதனால் ஒன்பது குழி ஆடச் சொல்லி, மீதி நேரத்தில் ஊர் சுற்றிக்காட்டச் சொன்னாலும் நியாயம்தான். வெளிச் சாப்பாட்டைக் கிளப்புக்குள் விடாத இடங்கள் உண்டு, தேன்குழல் டப்பா காரிலேயே இருக்கட்டும்.