முறை வீடு

அன்புள்ள ஐயா,

என் அப்பத்தாவுக்கு 89 வயது. தாத்தா இறந்த பிறகு ஊர் வீட்டைப் பூட்டிவிட்டோம். மூன்று மகன்களும் மாதம் ஒருவர் என்று முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். யாரும் குறை வைப்பதில்லை. ஆனால் ஆறு மாதமாக அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. விடியுமுன் எழுந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். அழுவதில்லை. ‘என்னை மட்டும் ஏன் விட்டு வச்சிருக்கான்’ என்கிறார். அப்பாவும் சித்தப்பாக்களும் ‘வயசானா அப்படித்தான்’ என்கிறார்கள். உண்மையா?

க., மதுரை

அன்புள்ள க.,

உண்மை இல்லை. தொண்ணூறை நெருங்குகிறவர்களில் பெரும்பாலோர் இப்படிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதில்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மனச்சோர்வாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். டாக்டர்தான் உறுதி செய்ய வேண்டும். அழவில்லையே என்று ஆறுதல்பட வேண்டாம். இந்த வயதில் அது பல நேரம் அழுகையாக வருவதில்லை. பசி போகும், விடிகாலையில் விழிப்பு வரும், மேலெல்லாம் வலிக்கும், மறதி கூடும். மறதி நோய் என்றே வீட்டில் நினைத்துவிடுவார்கள்.

அப்பத்தாவுக்குக் காது எப்படி? இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. என் பெரியப்பாவுக்கு 84 வயதில் காது மந்தமானது. நாங்கள் பேச்சைச் சுருக்கிக்கொண்டோம். ‘சாப்டீங்களா’, ‘மாத்திரை போட்டாச்சா’, ‘படுங்க’. ஊர்க்கதை, கல்யாணம், சண்டை எதையும் அவரிடம் யாரும் சொல்லவில்லை. கத்திச் சொல்லச் சோம்பல். இரண்டு வருஷத்தில் மனிதர் அடங்கிப்போனார். காது மிஷின் வாங்கிக் கொடுத்தபோது ரொம்பத் தாமதமாகியிருந்தது. இன்றும் அதை நினைத்தால் மனசு ஆறுவதில்லை.

காது, கண், ஓயாத வலி, துணையின் சாவு, தானாகக் குளிக்கவோ நடக்கவோ முடியாமல் போவது என்று முதுமையின் மனச்சோர்வோடு சேர்ந்து வருபவை பல. இவற்றில் பாதிக்கு மேல் ஏதாவது செய்ய முடியும். கண்ணில் புரை என்றால் அறுவை சிகிச்சை இருக்கிறது. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, சாப்பிடும் சில மாத்திரைகள்கூடக் காரணமாகலாம். அதனால் முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம் மனநல மருத்துவர். சோர்வுக்கான மருந்து இந்த வயதிலும் பலன் தரும். குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். சிலருக்கு ரத்தத்தில் சோடியம் குறையும் என்பதால் அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ‘ஏன் விட்டு வச்சிருக்கான்’ என்பதைப் பேச்சுவாக்கில் சொன்னதாக விட்டுவிடாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று அவரிடம் நேராகவே கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம்.

முறை வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் அப்பாவும் சித்தப்பாக்களும் நியாயமாகத்தான் பிரித்திருக்கிறார்கள், தெரிகிறது. ஆனால் 30 நாளைக்கு ஒருமுறை பையைக் கட்டுகிறவருக்கு எந்த வீட்டிலும் தனக்கென்று ஓர் இடம் அமையாது. பேச்சுத்துணைக்கு ஒரு பக்கத்து வீட்டுக்காரி கிடைக்கும்போது மாதம் முடிந்துவிடும். எங்கே இருக்க ஆசை என்று அப்பத்தாவிடம் யாராவது கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. ஊர் வீட்டைத் திறந்து, யாராவது உடன் தங்கி, நாலு நாளாவது அவரை அங்கே வைத்துப் பாருங்கள்.

இந்த மாதம் யார் வீட்டு முறை என்றும் நீங்கள் எழுதவில்லை. உங்கள் வீடு என்றால் நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். சித்தப்பா வீடு என்றால் மாதம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.